கரையைக் காக்கும் இரு வேலிகள்

2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி காலை எமது கரையோரங்களைச் சூறையாடிய ஆழிப்பேரலை, இந்நாட்டில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். மருதமுனை, சாய்ந்தமருது, கல்லாறு, முல்லைத்தீவு என நீண்ட அந்த அழிவின் பாதையில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற வேறுபாடு எதுவும் இருக்கவில்லை. ஆண்டுதோறும் அந்நாளில் நாம் சுடரேற்றுகின்றோம். துஆப் பிரார்த்தனை செய்கின்றோம். இழந்தவர்களை எண்ணிக் கண்ணீர் விடுகின்றோம். ஆயினும், அன்று சில ஊர்கள் முற்றாக அழிந்ததும், அவற்றுக்கு அண்மையிலேயே இருந்த வேறு சில ஊர்கள் ஓரளவு தப்பியதும் ஏன் என்ற கேள்வியைப் பொதுவெளியில் நாம் போதியளவு எழுப்பவில்லை.

தென்மேற்குக் கரையோரத்தின் பெரலிய என்ற கிராமத்தை எவரும் மறந்திருக்க முடியாது. கொழும்பிலிருந்து தெற்கு நோக்கிச் சென்ற புகையிரதத்தை அலை புரட்டியெறிந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் காவுகொண்ட இடம் அது. அங்கிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவில் இருப்பது ஹிக்கடுவை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய, இலங்கையரான பேராசிரியர் ஹரிந்திர பெர்னாண்டோ தலைமையிலான ஆய்வாளர்கள் இவ்விரு இடங்களையும் நேரில் ஆராய்ந்து 2005 ஆம் ஆண்டில் தமது முடிவுகளை வெளியிட்டனர். ஹிக்கடுவையில் இரண்டு முதல் மூன்று மீற்றர் உயரமான அலை சுமார் 50 மீற்றர் தூரம் மாத்திரமே உட்புகுந்திருந்தது. பெரலியவிலோ அலையின் உயரம் பத்து மீற்றர். அது உட்புகுந்த தூரம் ஒன்றரைக் கிலோமீற்றர். ஹிக்கடுவைக் கடலில் முருகைக்கற்பாறைகள் சரணாலயமாகப் பாதுகாக்கப்பட்டிருந்தன. பெரலியவை அண்டிய கடலிலோ அவை நெடுங்காலமாக உடைத்து அள்ளப்பட்டிருந்தன. பாறை இல்லாத இடைவெளியினூடாக நீர் பெருவேகத்துடன் பாய்ந்திருக்கின்றது என்பதே ஆய்வாளர்களின் விளக்கமாகும்.

இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவது எமது கடமையாகும். முருகைக்கற்பாறையோ கண்டற்காடோ இருந்திருந்தால் ஆழிப்பேரலையால் எவருமே இறந்திருக்கமாட்டார்கள் என்று நாம் கூற வரவில்லை. கடற்படுகையின் ஆழம், கரையின் அமைப்பு, நிலத்தின் உயரம் ஆகியவையும் அன்றைய அழிவின் அளவைத் தீர்மானித்தன. இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் அலையின் வலிமைக்கு முன்னால் பாறைகளால் எதுவும் செய்ய முடியவில்லை எனச் சுட்டிக்காட்டிய அறிஞர்களும் உளர். இயற்கை அரண்களைப் பற்றி மிகைப்படுத்திக் கூறி மக்களைப் போலியான நிம்மதியில் ஆழ்த்துவது ஆபத்தானது. முன்னெச்சரிக்கை ஏற்பாடுகளுக்கு அவை ஒருபோதும் மாற்றாகா. ஆனால் ஆழிப்பேரலை நூறாண்டுகளில் ஒருமுறை வரக்கூடும். கச்சான் காற்றும் வாடைக் காற்றும் எழுப்பும் அலைகளும் சூறாவளிகளும் கடலரிப்பும் ஆண்டுதோறும் வருபவை. இவற்றிலிருந்து கரையைக் காப்பதில் இவ்விரு அரண்களுக்கும் உள்ள பங்கு ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது.

முருகைக்கல்லைக் கல்லென்று அழைத்தாலும் அது உயிருள்ளவற்றின் ஆக்கமாகும். பொலிப்பு எனப்படும் மிகச் சிறிய கடல் உயிரிகள் நீரிலுள்ள கல்சியத்தைப் பயன்படுத்தித் தம்மைச் சுற்றிச் சுண்ணாம்புக் கூடுகளை அமைக்கின்றன. ஒரு தலைமுறையின் கூட்டின் மீது அடுத்த தலைமுறை கூடு கட்டுகின்றது. இவ்வாறு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்தவையே நாம் காணும் முருகைக்கற்பாறைகள். இப்பொலிப்புகளின் உடலுக்குள்ளே நுண்ணிய பாசிகள் வாழ்கின்றன. அவை சூரிய ஒளியில் உணவு தயாரித்துத் தமக்கு இடமளித்த உயிரிக்கும் பகிர்ந்தளிக்கின்றன. முருகையின் அழகிய நிறங்களும் பெரும்பாலும் இப்பாசிகளாலேயே கிடைக்கின்றன. ஒளி வேண்டியிருப்பதனால் தெளிந்த, ஆழங்குறைந்த, வெதுவெதுப்பான கடலிலேயே இவை செழிக்கும். இனத்துக்கு ஏற்ப ஆண்டொன்றுக்குச் சில மில்லிமீற்றர் தொடக்கம் சில சென்ரிமீற்றர் வரையே இவை வளர்கின்றன. அலவாங்கால் ஒரு மணி நேரத்தில் பெயர்த்தெடுக்கப்படும் பாறையை ஈடுசெய்யக் கடலுக்குப் பல தலைமுறைகள் தேவைப்படும்.

உலகக் கடற்றளத்தின் பரப்பில் ஒரு வீதத்துக்கும் குறைவான இடத்தையே முருகைக்கற்பாறைகள் பிடித்துள்ளன. எனினும் கடல்வாழ் உயிரினங்களில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு தமது வாழ்நாளில் ஏதோவொரு கட்டத்தில் அவற்றையே சார்ந்துள்ளது. அலைகளின் வலிமையை இப்பாறைகள் சராசரியாக 97 வீதம் தணிக்கின்றன என்று உலகின் பல பாகங்களிலும் நடத்தப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2014 ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையொன்று கூறுகின்றது. அதாவது கரைக்கு வந்து சேர வேண்டிய அலையின் பெரும் பலம் கரையிலிருந்து தொலைவிலேயே உடைந்து நுரையாகி விடுகின்றது. பாறையை அகற்றிவிட்டால் அதே பலம் மணலையும் தென்னையையும் வீட்டையும் வந்து தாக்கும். பிறகு கருங்கற்களைக் கொண்டுவந்து கொட்டி அணை கட்டுவதற்கு அரசாங்கம் கோடிக்கணக்கில் செலவிட வேண்டியிருக்கும்.

இவ்விடயத்தில் எமது அயல்நாடான மாலைதீவின் அனுபவம் கவனத்திற் கொள்ளத்தக்கது. தலைநகர் மாலேயை விரிவாக்குவதற்கும் கட்டடங்கள் எழுப்புவதற்கும் சுற்றிலுமிருந்த முருகைக்கற்கள் பெருமளவில் அகழப்பட்டன. 1987 ஆம் ஆண்டில் எழுந்த பேரலைகளால் அந்நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. அதன் பின்னர் ஜப்பானின் உதவியுடன் பெரும் பொருட்செலவில் நகரைச் சுற்றி கொங்கிரீட் தடுப்புச்சுவர் அமைக்க நேர்ந்தது. கடல் இலவசமாகக் கட்டிக்கொடுத்திருந்த மதிலை இடித்துவிட்டு, பிறரிடம் கையேந்தி மற்றொரு மதிலைக் கட்டிய கதை அது.

எமது நாட்டில் ஏறக்குறைய இருநூறு இனங்களைச் சேர்ந்த முருகைகள் காணப்படுகின்றன. கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பெரும் முருகைத்திட்டு, மன்னார் வளைகுடா, நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலை, பாசிக்குடா, காயாங்கேணி, ஹிக்கடுவை, ருமஸ்ஸல எனப் பல இடங்களில் அவை பரந்துள்ளன. ஆயினும் சுண்ணாம்புச் சூளைகளுக்காக இவை நெடுங்காலமாகச் சுரண்டப்பட்டு வந்தன. 1980களின் முற்பகுதியில் தெற்கு, தென்மேற்குக் கரையோரத்தில் மாத்திரம், நிலத்தில் புதையுண்டு கிடந்ததும் கடலிலிருந்து உடைத்தெடுக்கப்பட்டதுமாக ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 18 ஆயிரம் தொன் முருகைக்கல் பெறப்பட்டதாகக் கணக்கிடப்பட்டது. கிழக்கில் கல்குடா, பாசிக்குடாப் பகுதிகளும் இதற்கு விலக்காக இருக்கவில்லை. 1981 ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டத்துக்கு 1988 இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், கரையோர வலயத்தில் முருகைக்கல்லை அகழ்வதையும் சேகரிப்பதையும் கொண்டு செல்வதையும் சுடுவதையும் தடை செய்தது. அவ்வாறிருந்தும் பதினாறு ஆண்டுகளின் பின்னர் பெரலியவின் கடலோரம் வெறுமையாகக் கிடந்ததெனில், சட்டம் எழுதப்படுவதும் நடைமுறைப்படுத்தப்படுவதும் இருவேறு காரியங்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அகழ்வு ஒரு புறமிருக்க, டைனமைற் வெடிவைத்து மீன்பிடித்தல், பாறைகளின் மீது நங்கூரமிடுதல், உல்லாசப் பயணிகள் கால்களால் மிதித்தல், அலங்கார மீன்களுக்காகவும் முருகைத் துண்டுகளுக்காகவும் பாறையைச் சிதைத்தல், கழிவுநீர், ஆறுகள் சுமந்துவரும் சேறு என இவற்றைத் தாக்கும் காரணிகள் பல. ஒரு வெடி சில நொடிகளில் ஒரு படகு நிறைய மீனைத் தரலாம். அந்த மீன்கள் முட்டையிட்டு மறைந்து வாழ்ந்த வீட்டையும் அதே வெடி தரைமட்டமாக்குகின்றது. அடுத்த ஆண்டு அவ்விடத்துக்கு மீன் வராது. திருகோணமலையிலும் மன்னாரிலும் சட்டத்தை மதித்து வலைவீசும் தொழிலாளி, வெடிவைப்பவனால் தனது வருங்கால வருமானத்தையும் இழக்கின்றான்.

இவை எல்லாவற்றையும் விடப் பாரிய அச்சுறுத்தல் கடல்நீர் வெப்பமடைதலாகும். கோடை காலத்தின் வழமையான உச்ச வெப்பநிலையைவிட ஒரு பாகை செல்சியஸ் அதிகரித்துச் சில வாரங்கள் நீடித்தாலே முருகைகள் தம்முள் வாழும் பாசிகளை வெளியேற்றிவிடுகின்றன. நிறமும் உணவும் இழந்து அவை வெளிறிப் போகின்றன. வெப்பம் விரைவில் தணிந்தால் மீண்டெழும், தணியாவிட்டால் மடிந்துவிடும். 1998 ஆம் ஆண்டின் எல் நினோ வெப்பம் இலங்கைக் கடலில் பேரழிவை ஏற்படுத்தியது. ஹிக்கடுவையில் 47 வீதமாக இருந்த உயிருள்ள முருகையின் பரப்பு 7 வீதமாகச் சரிந்தது. கற்பிட்டிப் பெருந்திட்டின் ஆழங்குறைந்த பகுதிகளில் ஏறக்குறைய அனைத்துமே மடிந்தன. திருகோணமலையின் புறாமலை அவ்வேளை பெரும்பாலும் தப்பியது. கற்பிட்டியில் ஓரளவு மீட்சி ஏற்பட்டிருந்த நிலையில் 2016 இல் மீண்டும் வெளிறல் தாக்கியது. உலகளாவிய நான்காவது வெளிறல் நிகழ்வு 2024 ஏப்ரலில் உறுதிப்படுத்தப்பட்டது. பூமியின் சராசரி வெப்பநிலை ஒன்றரைப் பாகை உயர்ந்தால் உலகின் முருகைக்கற்பாறைகளில் 70 முதல் 90 வீதமானவை அழியக்கூடும் என்றும், இரண்டு பாகை உயர்ந்தால் அநேகமாக எதுவுமே எஞ்சாது என்றும் காலநிலை மாற்றத்துக்கான அரசாங்கங்களுக்கிடையிலான குழு 2018 இல் எச்சரித்தது.

உலக வெப்பத்தைத் தணிப்பது எம் கையில் இல்லையே, பின்னர் எதற்காக நாம் முயல வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். நோயாளியின் உடலில் வேறு காயங்கள் இல்லாதிருந்தால்தான் காய்ச்சலைத் தாங்கும் வலிமை இருக்கும். வெடியும் நங்கூரமும் சேறும் கழிவும் இல்லாத பாறை, வெப்பத்தின் தாக்கத்திலிருந்து மீண்டெழுவதற்கு அதிக வாய்ப்புண்டு. பெரு நாடுகளின் புகைபோக்கிகளை எம்மால் மூட முடியாது; எமது களப்பினுள்ளும் கடலினுள்ளும் கொட்டப்படும் குப்பையை எம்மால் நிறுத்த முடியும்.

இரண்டாவது வேலி கண்டற்காடாகும். நன்னீரும் உவர்நீரும் கலக்கும் களப்புகளிலும் கழிமுகங்களிலும், வேறெந்த மரமும் வேரூன்றத் துணியாத உவர்ச் சேற்றில், இவை தழைக்கின்றன. சங்க இலக்கியத்தின் நெய்தல் திணைப் புலவர்கள், கண்டலை வேலியாகக் கொண்ட கரையோர ஊர்களைப் பாடியுள்ளனர். கண்டல், கண்ணா, தில்லை என இன்றும் எமது மக்களின் வாயில் இம்மரங்களின் பெயர்கள் வழங்கி வருகின்றன. எமது முன்னோர் பட்டையை அவித்து வலைக்குச் சாயமேற்றினர். விறகுக்குக் கிளைகளை வெட்டினர். தில்லை மரத்தின் பால் கண்ணிற் பட்டால் பார்வைக்கு ஆபத்து என்பதையும் அறிந்திருந்தனர். வெட்டிய மரம் மீண்டும் துளிர்க்கும் அளவுக்கு மட்டும் எடுப்பதே அக்கால வழக்கம்.

ஒட்சிசன் இல்லாத சேற்றில் வேர்கள் மூச்சுவிட வேண்டும். அதற்காகச் சில மரங்கள் ஈட்டிகளைப் போல் வேர்களை நிலத்துக்கு மேலே நீட்டுகின்றன. சில, வளைந்த கால்களைப் போன்ற தாங்கு வேர்களை ஊன்றுகின்றன. சில இனங்கள் உப்பை வேரிலேயே தடுக்கின்றன. சில, இலைகளின் வழியாகக் கசியவிடுகின்றன. விதையைச் சேற்றில் வீழ்த்தினால் அலை அடித்துச் சென்றுவிடும் என்பதால், கண்டல் தாய்மரத்தில் இருக்கும்போதே விதையை முளைக்கவைத்து நாற்றாகவே நிலத்தில் விடுகின்றது. இந்த வேர்ப்பின்னலே அலையைத் தடுக்கும் அரணாகும். நூறு மீற்றர் அகலமான கண்டற்பட்டி காற்றெழுப்பும் அலையின் உயரத்தை 13 முதல் 66 வீதம் வரை குறைக்கவல்லது என ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. அதே வேர்களுக்கிடையேதான் இறாலும் நண்டும் மீன்குஞ்சுகளும் பெரிய மீன்களின் கண்ணிற் படாமல் வளர்கின்றன. உதிரும் இலைகள் அவற்றின் உணவுச் சங்கிலிக்கு ஆதாரமாகின்றன. வெப்பமண்டலத்தின் மற்றைய காடுகளைவிட ஹெக்டேயர் ஒன்றுக்குப் பல மடங்கு காபனை இக்காட்டுச் சேறு சேமித்து வைத்திருக்கின்றது என்பதும் குறிப்பிடத்தக்கது.

முருகையும் கண்டலும் ஒன்றுக்கொன்று துணையானவை. ஆறு கொண்டுவரும் சேற்றைக் கண்டல் தடுத்து நிறுத்துவதனால்தான் முருகைக்குத் தெளிந்த நீர் கிடைக்கின்றது. முருகை பெருங்கடலின் அலையைத் தணிப்பதனால்தான் கண்டல் நாற்று வேரூன்ற அமைதியான நீர் கிடைக்கின்றது. இவ்விரண்டுக்கும் நடுவே கடற்புற்றரைகள் விரிந்துள்ளன. களப்பில் குஞ்சாகத் திரிந்த மீன் வளர்ந்த பின்னர் பாறைக்குச் செல்கின்றது. எமது சந்தைகளுக்கு வரும் ஓரா, கலவாய் போன்றவற்றின் வாழ்வு இத்தொடரில் எங்கோ தங்கியிருக்கின்றது. ஆகவே களப்பின் கரையில் ஒரு காட்டை அழிப்பவர், கண்ணுக்கெட்டாத கடலில் ஒருவரது வலையையும் வெறுமையாக்குகின்றார்.

இலங்கையின் கண்டற்காடுகளின் பரப்புப் பற்றிய கணக்கெடுப்புகள் ஒன்றோடொன்று மாறுபடுகின்றன. ஆயினும் நாட்டின் நிலப்பரப்பில் அரை வீதம்கூட அவை இல்லை என்பது உறுதி. புத்தளம், முந்தல், சிலாபம் பகுதிகளில் 1980கள் முதல் பெருகிய இறால் பண்ணைகளுக்காக அவை பெருமளவில் வெட்டப்பட்டன. பண்ணைகள் தமக்குத் தேவையான நீரை எடுத்ததும் கழிவு நீரை விட்டதும் ஒரே ஒல்லாந்தர் கால்வாயில். ஒரு குளத்தின் நோய் மறு குளத்துக்குப் பரவ அதைவிட எளிய வழி வேறில்லை. 1990களின் நடுப்பகுதியில் வெண்புள்ளி வைரசு நோய் பரவி இத்தொழிலை நிலைகுலையச் செய்தது. இலாபம் ஈட்டியவர்கள் வெளியேறினர். வெட்டப்பட்ட காடும் கைவிடப்பட்ட குளங்களும் உவரேறிய நிலமும் அவ்வூர் மக்களுக்கு எஞ்சின. சில ஆண்டுகால ஏற்றுமதி வருமானத்துக்காக ஒரு சந்ததியின் களப்பை விலையாகக் கொடுத்திருக்கின்றோம்.

கிழக்கிலும் வடக்கிலும் போர் தனது பங்கையும் ஆற்றியது. மட்டக்களப்பு வாவியின் கரையோரமெங்கும் பாதுகாப்புக் காரணங்களுக்காகக் கண்டல்கள் வெட்டி அகற்றப்பட்டன. போர் 2009 இல் முடிந்த பின்னர் காணிகளின் விலை உயர்ந்தது. களப்புக் கரைகளில் குப்பையும் மண்ணும் கொட்டி நிரப்பி, வேலியடைத்து, பின்னர் உறுதி எழுதும் கைங்கரியம் பல ஊர்களிலும் நடந்தேறியது. இதில் ஈடுபட்டோர் ஒரு சமூகத்தவர் மட்டும் என்று எவரும் விரல் நீட்ட முடியாது. அரசியல் செல்வாக்கும் பணமும் உள்ள எவரும் செய்த காரியம் இது. நிரப்பப்பட்ட களப்பு மழைநீரை ஏற்க மறுக்கும்போது வெள்ளம் ஏழையின் குடிசைக்குள் நுழைகின்றது. அக்குடிசை தமிழருடையதா முஸ்லிமுடையதா என்று வெள்ளம் கேட்பதில்லை.

ஆழிப்பேரலைக்குப் பின்னர் கண்டல் நடுவதில் பேரார்வம் பிறந்தது. அரச திணைக்களங்களும் தொண்டு நிறுவனங்களும் பாடசாலை மாணவர்களும் சேற்றில் இறங்கி நாற்று நட்டனர். புகைப்படங்கள் பத்திரிகைகளில் வெளியாகின. எமது பக்கங்களிலும் அவற்றுக்கு இடமளித்தோம். அவற்றின் கதி என்னவாயிற்று என்பதை ருகுணைப் பல்கலைக்கழகமும் பெல்ஜியப் பல்கலைக்கழகமொன்றும் இணைந்து ஆராய்ந்து 2017 இல் வெளியிட்டன. ஆராயப்பட்ட 23 திட்ட இடங்களில் ஒன்பதில் ஒரு கன்றுகூட உயிருடன் இருக்கவில்லை. ஆயிரம் முதல் ஆயிரத்து இருநூறு ஹெக்டேயரில் நடப்பட்டவற்றுள் வெற்றி கண்டது 200 முதல் 220 ஹெக்டேயர் வரை மட்டுமே. கற்பிட்டி, பம்பலை, நீர்கொழும்பு ஆகிய மூன்று இடங்களில் மாத்திரமே பாதிக்கு மேற்பட்ட கன்றுகள் பிழைத்திருந்தன.

தோல்விக்கான காரணங்கள் எளியவை. கண்டல் இயற்கையாக வளராத இடங்களில், நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் பாராமல், எளிதில் கிடைத்த ஓரிரு இன நாற்றுகளே நடப்பட்டன. மாடுகள் மேய்ந்தன, வெள்ளம் மூழ்கடித்தது, நட்ட பின்னர் திரும்பிப் பார்க்க எவரும் இருக்கவில்லை. நட்ட கன்றுகளின் எண்ணிக்கைக்கே நிதி கிடைத்தது. பிழைத்த கன்றுகளை எவரும் எண்ணவில்லை. பல இடங்களில் நாற்றே தேவையில்லை. கைவிடப்பட்ட இறால் குளத்தின் அணையை வெட்டி, ஏற்றவற்று நீர் மீண்டும் வந்துபோக வழிசெய்தால், நீரோடு வரும் விதைகள் தாமாகவே முளைக்கும். இயற்கைக்கு வழிவிடுவதே சிறந்த நடுகை என்பதை அந்த ஆயிரம் ஹெக்டேயர் எமக்குக் கற்பித்துள்ளது.

ஆறுதல் தரும் செய்திகளும் இல்லாமலில்லை. 2015 ஆம் ஆண்டில் தனது கண்டற்காடுகள் அனைத்தையும் பாதுகாப்பதாக அறிவித்த முதல் நாடு என்ற பெயரை இலங்கை பெற்றது. சிலாபத்தைத் தளமாகக் கொண்ட சுதீச நிறுவனமும் சீக்கொலஜி என்ற சர்வதேச அமைப்பும் அரசாங்கத்துடன் கைகோத்த அத்திட்டத்தில், காட்டை அண்டி வாழும் 15 ஆயிரம் பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் வழங்குவது இலக்காகக் கொள்ளப்பட்டது. விறகுக்காகக் காட்டுக்குள் செல்லும் பெண்ணுக்கு வேறு வருமானம் இருந்தால் காடு தானாகவே காக்கப்படும் என்ற அந்த எண்ணம் போற்றத்தக்கது. கடந்தகாலத் தவறுகளிலிருந்து கற்று, அறிவியல் அடிப்படையில் முன்னெடுக்கப்பட்ட கண்டல் மீளுருவாக்கப் பணிக்காக 2024 பெப்ரவரியில் ஐக்கிய நாடுகள் சபையின் அங்கீகாரமும் எமது நாட்டுக்குக் கிடைத்தது.

அதே ஆண்டு மே மாதத்தில், மன்னார் மாவட்டத்தின் விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கத்தில் 168 ஹெக்டேயரை நீர்வாழ் உயிரின வளர்ப்புத் திட்டத்துக்காக விடுவிக்கும் வர்த்தமானி அறிவித்தல் வெளியானது. 2016 இல் பிரகடனம் செய்யப்பட்ட, 29 ஆயிரம் ஹெக்டேயரை விஞ்சிய இவ்வொதுக்கம் கண்டல்களையும் கடற்புற்றரைகளையும் முருகைகளையும் ஒருங்கே கொண்டது. சுற்றாடல் அமைப்புகள் நீதிமன்றத்தை நாடின. விருது கிடைத்து மூன்று மாதங்களில் வெளியான அந்த வர்த்தமானி ஓர் உண்மையை உணர்த்திற்று. பிரகடனத்தால் காக்கப்பட்ட காட்டை மற்றொரு பிரகடனத்தால் கைவிட முடியும். மக்கள் காவலிருக்கும் காட்டை அவ்வளவு எளிதாகக் கைவிட முடியாது.

வடக்கு கிழக்கில் வேலைவாய்ப்பும் முதலீடும் வேண்டும் என்பதில் எமக்கு மாற்றுக் கருத்தில்லை. போரினால் நலிந்த மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் மட்டக்களப்புக்கும் தொழில் வரவேண்டும். ஆனால் புத்தளத்தில் நடந்தது எமது கண்முன்னே கிடக்கின்றது. வரும் முதலீடு எத்தனை பேருக்கு எத்தனை ஆண்டுகளுக்கு வேலை தரும், நோய் வந்தால் குளங்களுக்குப் பொறுப்பு யார், களப்பில் ஏற்கெனவே நண்டும் இறாலும் பிடித்து வாழும் குடும்பங்களுக்கு என்ன ஈடு என்ற கேள்விகளை அங்கீகாரத்துக்கு முன்பே கேட்பது அபிவிருத்திக்கு விரோதமாகாது.

ஏழைகளை மாத்திரம் குற்றவாளிகளாக்கும் போக்கையும் நாம் ஏற்பதற்கில்லை. ஆழிப்பேரலைக்குப் பின்னர் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றரும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றரும் கட்டடத் தடை வலயம் எனப்பட்டது. கல்முனை போன்ற நெருக்கமான பிரதேசங்களில் அம்மக்கள் வேறெங்கே செல்வார்கள் என்ற வினாவுக்கு விடையில்லாததால் விதிகள் பின்னர் தளர்த்தப்பட்டன. கடலோரத்திலிருந்து மீனவனை அகற்றத் துடித்த நிர்வாகம், கடலின் அரணை அகழ்ந்தவர்களை அகற்றுவதில் அதே வேகத்தைக் காட்டவில்லை. முருகைக்கல்லை உடைத்தவர்களிற் பலரும் வறுமையினாலேயே அதைச் செய்தனர். கற்சூளைக்குச் சொந்தக்காரரும் கல்லை வாங்கியவரும் இலாபமடைந்தனர். சிறைக்குச் சென்றது கூலியாள்.

செய்யவேண்டியவை என்ன? கண்டற்காடுகளின் எல்லைகள் அளக்கப்பட்டு, எல்லைக்கற்கள் நாட்டப்பட்டு, வரைபடங்கள் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் தமிழிலும் சிங்களத்திலும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். எல்லை தெரியாத காட்டை எவரும் காக்க முடியாது. கரையோரம் பேணல் திணைக்களம், வனசீவராசிகள் திணைக்களம், வனத் திணைக்களம், கடற்றொழில் திணைக்களம், பிரதேச சபை என அதிகாரம் பலரிடம் சிதறிக் கிடக்கின்றது. ஒருவர் மற்றவரைக் கைகாட்டி நழுவ முடியாதவாறு பொறுப்பு வரையறுக்கப்பட வேண்டும். 2017 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தடைசெய்த கடற்றளத்தை வாரும் இழுவைமடித் தொழில், உள்ளூர்ப் படகாயினும் அயல்நாட்டுப் படகாயினும் பாரபட்சமின்றித் தடுக்கப்பட வேண்டும். புறாமலை போன்ற இடங்களில் நங்கூரத்துக்குப் பதிலாக மிதவைகளில் படகைக் கட்டும் ஏற்பாடு அவசியம். நடுகைத் திட்டங்களுக்கான நிதி, ஐந்து ஆண்டுகளின் பின்னர் உயிருடன் இருக்கும் மரங்களைக் கொண்டு மதிப்பிடப்பட வேண்டும்.

இவை அரசு செய்யவேண்டியவை. நாம் செய்யவேண்டியவையும் உள. மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் தமது கடலில் வெடி வைப்பவரைத் தாமே அடையாளங்காட்ட வேண்டும். ஆலய பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாக சபைகளும் தமது ஊரின் களப்புக் கரையில் குப்பை கொட்டப்படுவதைத் தடுக்க வல்லவை. அவர்களின் சொல்லுக்கு ஊர் கட்டுப்படும். களப்பு இரண்டு சமூகங்களுக்கும் பொதுவானது. ஒரு கரையில் கோயிலும் மறுகரையில் பள்ளிவாசலும் இருக்கும் நீர்நிலைகள் கிழக்கில் பலவுண்டு. அரசியல்வாதிகள் எம்மைப் பிரித்து வைத்த காணிப் பிரச்சினைகள் நீளட்டும். நீரைக் காப்பதில் ஒன்றுபடுவதற்கு எவருடைய அனுமதியும் எமக்குத் தேவையில்லை.

1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கண்ட முதியவர்கள் இன்னும் எம்மிடையே இருக்கின்றனர். 2004 இல் தாயின் கையிலிருந்து நழுவிப் போன குழந்தைகள் இன்றிருந்தால் இளைஞர்களாக இருந்திருப்பர். அடுத்த பேரலை எப்போது எழும் என்பதை எவரும் அறியார். அது எழும் நாளில் எமது பிள்ளைகளுக்கும் கடலுக்கும் நடுவே ஏதேனும் இருக்குமா என்பதை, இன்று களப்புக் கரையில் நாம் வெட்டும் மரமும் வெட்டாமல் விடும் மரமுமே தீர்மானிக்கும்.